என்ன அலுவல்?

நாலு இரவு, இரண்டே நாள் அறை வாடகை.
இதுதான் நேசராசா கண்டுபிடித்த வழி.
இரவு ரயிலில் போய் இரவு ரயிலில் திரும்பினால்
மிச்ச இரண்டு இரவும்
மூன்றாம் வகுப்பு டிக்கெட்டில் படுக்கலாமாம்.
படுக்க எங்கே, குந்தத்தான் என்றேன்.
"குந்தின நித்திரையும் நித்திரைதான்கா."

களுவாஞ்சிகுடியில் மூன்று நாளாய் விடாத மாரி.
வாசலில் கணுக்காலளவு தண்ணி.
எங்களுக்கு வானம் பிளக்கிற மார்கழியில்
அங்கே வெயில் என்கிறது தொலைக்காட்சி.
மருந்துக்கடையின் பழைய பில் புத்தகத்தைப்
பின்பக்கம் புரட்டி எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் கடல் தெரியாத அறை
நாலாயிரத்து ஐந்நூறு.
தெரிகிற அறை ஒன்பதாயிரம்.
கடலுக்கா எங்களுக்குப் பஞ்சம்?
தெரியாததையே எழுதினேன்.
மத்தியானம் சைவக் கடை.
இரண்டாம் முறை சோறு கேட்டால் காசில்லை,
ஸப்ரினா விசாரித்துச் சொன்னது.
தாமரைக் கோபுரம், கீழே நின்று அண்ணாந்து பார்க்க இலவசம்.
குளிரூட்டி போட்ட கடையில் ஒரு கோப்பி,
இரண்டு பேருக்கும் ஒன்று, தொள்ளாயிரம்.
அவர் அதை வெட்டினார்.
நான் திரும்ப எழுதினேன்.
வெட்டினார்.
பேனையை எடுத்து அரிசி வாளிக்குள் போட்டேன்.

கொழும்பு தெரியாத ஆக்கள் இல்லை நாங்கள்.
மகரகமைக்குப் பதினொரு தரம் போயிருக்கிறோம்,
அவருடைய அக்காவின் கழுத்துக் கட்டியோடு.
தம்பியின் பாஸ்போட்டுக்கு விடிய விடிய வரிசை.
கட்டார் ஏஜென்சியின் படிகளில் ஒரு முழுப் பகல்.
அதற்கும் முந்தி ஒருக்கா,
லொட்ஜில் பேர் பதிந்து
பொலிஸில் பதிந்து
கதவு தட்டுப்படும் என்று
உடுப்பு மாற்றாமல் விழித்திருந்த இரவு.
ஒரு பயணத்திலும் வானத்தைப் பார்த்த நினைவில்லை.
டோக்கன் நம்பர்தான் நினைவு.

அறைக்கு எடுத்த அழைப்பில் அந்த ஆள் கேட்டார்:
என்ன அலுவலா வாறீங்க?
அலுவலில்லை, பார்க்க.
ஆரைப் பார்க்க?
கொழும்பை.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
மறுகா, முழுக் காசையும் முன்னுக்குப் போடச் சொன்னார்.

முதலாளியும் கேட்டார். ஆஸ்பத்திரியா?
பக்கத்து வளவுக்காரி கேட்டாள். விசாவா?
நேசராசாவின் மச்சான் குரலைத் தாழ்த்திக் கேட்டான்,
"ஏதும் வழக்கா?"
சும்மா போகிறோம் என்று சொல்லச் சொல்ல
எனக்கே அது பொய்போலக் கேட்டது.

பள்ளியில் தலைநகர் எது என்ற கேள்விக்குக்
கொழும்பு என்றெழுதி ஒரு புள்ளி இழந்தவர் இவர்.
அந்தப் புள்ளியை இந்த முறை எடுத்து வருவாராம்.
பல்லாலே பேனை மூடியைக் கடித்தபடி
இன்னொன்றும் சொன்னார்:
"எங்கட கடலிலே வெயில் எழும்பும்.
அங்கே விழும்.
அதுக்கு டிக்கெட் இல்லை. எழுது."
பேனை அரிசிக்குள் கிடந்தது.
எழுதவில்லை.

இரவு பை அடுக்கினேன்.
கை பழகின படி முதலில் வைத்தது
மஞ்சள் ஃபைல்:
பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம்,
அக்காவின் ஸ்கேன் படங்கள், அவள் போய் ஐந்து வருடம்.
அவர் பார்த்தார், ஒன்றும் பேசாமல்
எடுத்து அலுமாரியின் மேலே வைத்தார்.
பையில் ஃபைல் அளவு இடம்.
என்ன வைப்பதென்று தெரியவில்லை.
சிவப்புச் சட்டையை வைத்து எடுத்து,
இரண்டு மாம்பழம் வைத்து எடுத்து,
கடைசியில் வெறுமையாகவே சிப்பை இழுத்தேன்.

வெலிக்கந்தைப் பக்கம்
தண்டவாளத்தில் தண்ணி ஏறுதாம், வானொலி.
ரயில் ஓடாட்டி பஸ், என்கிறார் அவர்,
பஸ்ஸுக்கு அறுநூறு கூட,
கோப்பியை வெட்டினால் சரி.
வெட்ட மாட்டேன் என்றேன்.

அவர் உறங்கின பிறகு
கதிரையில் ஏறி
ஃபைலிலிருந்து அடையாள அட்டைக் கொப்பி இரண்டை மட்டும்
உருவி எடுத்து
பையின் பக்க அறைக்குள் சொருகினேன்.